கலைச்சொல்: ‘வெதரிங்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செந்தூலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய டாங்கி, விமான மாதிரிகளைக் கட்டக் கற்றுத்தரும் பள்ளி விடுமுறைப் பட்டறைக்கான கையேட்டில் வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, வண்ணம் பூசுவது வரை எழுதியாயிற்று. அடுத்த அதிகாரத்துக்குத் தலைப்பு இல்லாமல் நிற்கிறேன். பூசி முடித்த டாங்கியின் மேலும் விமானத்தின் மேலும் வெளுப்பு, கீறல், சேறு, எண்ணெய்க் கறை எல்லாம் கொண்டுவருகிறோமே, நாம் வாய்ப்பழக்கத்தில் ‘வெதரிங்’ (weathering) என்று சொல்லிவிட்டுப் போகும் அந்த வேலை.

ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். டாங்கி, பிரைமர், ஹேர்ஸ்பிரே எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவை பொருள்களின் பெயர்கள். கையில் எடுத்துக் காட்டினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். வெதரிங் அப்படியில்லை. அது ஒரு செயல். எதைச் செய்யப்போகிறோம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பெயரே கொஞ்சம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேசைமுன் உட்கார்ந்திருக்கும்போது ‘வெதரிங் பண்ணு’ என்றால் கண்ட இடத்தில் பழுப்பு நிறத்தை அப்பத்தான் செய்யும். அது பிள்ளையின் குற்றமில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

‘வானிலைச் சிதைவு’ தமிழ்நாட்டுப் புவியியல் பாடநூல்களில் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் பாறை விரிந்து, வெடித்து, உதிர்ந்து மண்ணாவதற்கு அங்கே அந்தப் பெயர். பாறைக்கு மிகவும் பொருந்தும். நம் மேசையில் இருக்கும் வண்டிக்குப் பாதிதான் பொருந்துகிறது. டாங்கியின் மேல்மூடி விளிம்பில் பச்சை நிறம் போய் இரும்பு தெரிவதற்கு மழையா காரணம்? ஒரு நாளைக்குப் பத்து முறை அதில் கால் வைத்து ஏறி இறங்கும் வீரர்களின் பூட்ஸ்தான் காரணம். எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றிக் கருமை படிவது, பணிப்பெட்டியின் கைப்பிடி பளபளப்பது, விமானத்தின் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விமானி நடக்கும் பட்டை தேய்வது, இவை எல்லாம் மனிதர் கைபட்டும் கால்பட்டும் வந்தவை. அவற்றை வானிலையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘முதுமையூட்டல்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டில், அன்றைய மலாயாவில், நடந்த ஒரு சண்டையே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1942 ஜனவரி 7, விடியுமுன், துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியாக ஸ்லிம் ரிவரை நோக்கி ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்தன. 12-ஆவது, 28-ஆவது இந்தியப் படையணிகள் அந்த ஒரு நாளில் சிதறிப்போயின. நம்மில் பலர் கட்டியிருக்கும் டைப் 97 சி-ஹாவும் டைப் 95 ஹா-கோவும் அந்தச் சாலையில் ஓடியவை. ஜப்பானியர் கரையிறங்கியது 1941 டிசம்பர் 8. ஆக, ஒரு மாதம்! அந்த ஒரு மாதத்தில் தாய்லாந்து எல்லை தாண்டி பேராக்கின் தென்கோடி வரை மழைக்காலச் சேற்றில் ஓடிவந்திருக்கின்றன. மட்காப்பின் கீழெல்லாம் செம்மண் அப்பியிருக்கும். பால்மரக் கிளைகள் உரசி விளிம்புகள் கீறியிருக்கும். சங்கிலியின் தரையில் படும் முகம் தேய்ந்து பளபளத்திருக்கும். ஆனாலும் அவை கிழட்டு வண்டிகள் இல்லை. முதுமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்த ஹா-கோவைக் கட்டினால் முழுவதும் வெளுத்து, துருவேறிய வண்டி ஒன்றைத்தான் கொண்டுவருவார். ஸ்லிம் ரிவருக்கு வந்த வண்டி அதுவாக இராது.

இதற்கு இன்னும் கிட்டத்தில் ஒரு சான்று உண்டு. மலேசியத் தரைப்படை 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வாங்கிய 400-க்கும் மேற்பட்ட கொண்டோர் கவச வண்டிகளில் சில, ஐ.நா. அமைதிப்படையோடு சோமாலியாவுக்குப் போயின. 1993 அக்டோபர் 3 இரவு, மொகடிஷு நகருக்குள் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கப் போன வண்டிகளில் அந்த வெள்ளைக் கொண்டோர்களும் உண்டு. நம் வீரர் ஒருவர் அங்கே உயிர்விட்டார். அந்த வண்டியைக் கட்டும்போது வெள்ளை வண்ணம் புதிது என்பதை மறக்கக் கூடாது. ஐ.நா. பணிக்காகப் பூசிய வண்ணம். வண்ணம் புதிது, அதன்மேல் படிந்த புழுதியும் புகையும் உரசலும் மட்டும் ஏராளம். முதுமை என்ற சொல்லுக்கு இங்கேயும் இடமில்லை.

‘துருவேற்றல்’ விமானக்காரர்களிடம் நிற்காது. அலுமினியம் துருப்பிடிக்காது என்பதைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். டாங்கியிலும் அது அளவாகத்தான் வரும். ஓடுகிற டாங்கியின் விளிம்பில் வண்ணம் போன இடம் கருத்த இரும்பாகத் தெரியும். காட்டில் கைவிடப்பட்ட டாங்கியில்தான் செந்நிறத் துரு முழுக்கப் படரும். பட்டறைகளில் நான் பார்க்கும் பெரிய குறையே இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான்.

‘அழுக்கேற்றல்’ எளிய சொல்தான், ஆனால் வெளுப்பும் கீறலும் அழுக்கு ஆகுமா?

எல்லாவற்றையும் ஒதுக்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். வண்டியில் படிந்தது, தேய்ந்தது, ஒழுகியது, வெளுத்தது எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றுதான். அதை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் வீடுகளில் ‘புழங்குகிற பாத்திரம்’ என்று ஒன்று உண்டு. அலமாரியில் இருக்கும் பாத்திரத்துக்கும் அதற்கும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும். அடிப்பக்கம் கருத்திருக்கும், விளிம்பு நசுங்கியிருக்கும், கை பிடிக்கும் இடம் மட்டும் மின்னும். எங்கே கருமை, எங்கே மினுக்கம் என்பதை அதைப் புழங்கியவரின் கை தீர்மானிக்கிறது.

என் பரிந்துரை: புழக்கமேற்றல்.

வினையாக, புழக்கமேற்று. ‘இந்த வண்டிக்கு இன்னும் புழக்கமேற்றவில்லை’, ‘அளவுக்கு மிஞ்சிப் புழக்கமேற்றிவிட்டாய்’, ‘புழக்கமேற்றிய சி-ஹா’ என்று எப்படித் திருப்பினாலும் வாயில் வருகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தச் சொல் பிள்ளையை ஒரு கேள்வி கேட்க வைக்கிறது: இந்த வண்டியை யார் புழங்கினார், எங்கே, எத்தனை நாள்? அதற்கு விடை தெரிந்தால் தூரிகை போக வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

வேறு கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பட்டர்வொர்த் அண்ணன் என்ன சொல்கிறார் என்று காத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து

தம்பி, வணக்கம்.

உன் மடலை இரண்டு தரம் படித்தேன். முதுமை பற்றிச் சொன்னது நியாயம். புழக்கம் என்ற சொல்லில் எனக்குச் சில சங்கடங்கள் இருக்கின்றன. வரிசை பார்க்காமல் எழுதுகிறேன்.

நான் விமானம் கட்டுகிறவன். எங்கள் ஊர்த் தளத்தை ஆஸ்திரேலியர்கள் 1988-இல் ஒப்படைக்கும்வரை அவர்களின் மிராஜ் போர்விமானங்கள் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன. நம் ஆகாயப்படையின் எஃப்-5-உம் பறந்தது, 1997-இலிருந்து ஹார்னெட். போர்விமானத்தைத் தரையில் அழுக்காக விட்டுவைப்பதே கிடையாது. கழுவுவார்கள், அரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வண்ணம் போன இடத்தில் உடனே திட்டுத்திட்டாகப் பூசுவார்கள். ஆகவே நாள்தோறும் பறக்கிற விமானம் பல நேரம் சுத்தமாகவே இருக்கும். புழக்கம் அதிகம், அழுக்கு குறைவு. உன் சொல்லைக் கேட்டுவிட்டு ஒரு பையன் ஹார்னெட் மேல் சேறு அடித்தால் என்ன செய்வது?

இரண்டாவது, புழக்கம் என்றால் பணப்புழக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘ஆள் புழக்கம் இல்லாத இடம்’ என்கிறோம். அங்கெல்லாம் நடமாட்டம் என்ற பொருள். மாதிரி கட்டும் கலைக்கு அதைக் கொண்டுவந்தால் குழப்பம் வருமா என்று யோசி.

மூன்றாவதுதான் என் பெரிய தடை. போர்ட் டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பாய். அங்கே திறந்தவெளியில் கவச வண்டிகள் நிற்கின்றன. அவற்றை யாரும் ஓட்டுவதில்லை. ஆனால் கடலோர வெயிலும் மழையும் அவற்றைத் தொடாமல் விடுவதில்லை. வெளுக்கிறது, இடுக்கில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கிறது, திருகாணித் தலையிலிருந்து துரு கோடாக இறங்குகிறது. புழங்காமல் நிற்கும் வண்டிக்குப் புழக்கமேற்றல் என்று சொல்வாயா? அப்படி நிற்கும் வண்டியையும் மாதிரியாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானே ஒன்று கட்டத்தான் போகிறேன்.

எனக்குக் ‘காலமேற்றல்’ சரியாகப் படுகிறது. வெயில், மழை, மனிதர் எல்லாமே காலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு மாதமும் காலம்தான், முப்பது ஆண்டும் காலம்தான்.

நீ ஸ்லிம் ரிவரைச் சொன்னாய், நான் எங்கள் தளத்தைச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கப் புறப்பட இருந்தன. முதலில் மேலெழுந்தது ஸ்கார்ஃப் என்ற விமானி ஓட்டிய விமானம். அவர் வானத்தில் இருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் வந்து மற்றவற்றைத் தரையிலேயே முடக்கிவிட்டன. அவர் தனியாகச் சிங்கோரா வரை போய்க் குண்டு வீசி, படுகாயத்தோடு திரும்பி, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. 1946-இல் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவையை அறிவித்தார்கள். அந்த பிளென்ஹைமை 1/72 அளவில் (உண்மை விமானத்தின் 72-இல் ஒரு பங்கு) கட்டி வைத்திருக்கிறேன், வண்ணமும் பூசியாயிற்று. அதற்கு எவ்வளவு புழக்கம் ஏற்றுவது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆகவே இந்த விவாதம் எனக்கு ஏட்டு விவாதம் அல்ல.

ஜெலுத்தோங்கிலிருந்து

இருவருக்கும் வணக்கம். நான் டாங்கி கட்டத் தெரிந்தவள் அல்ல. என் மகன் கட்டுகிறான். தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘ஏற்று’ என்ற வினையைத் தேர்ந்தெடுத்தது மிக நல்லது. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த குடும்பம் அது: நிறமேற்று, சுதியேற்று, உருவேற்று. அதிலும் ‘மெருகேற்று’ என்ற சொல்லைப் பாருங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதிதாகக் காட்டுவது மெருகேற்றல். அதற்கு நேர் எதிரே புழக்கமேற்றல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த எதிர்ச்சொல் இணை தானாக அமைந்திருப்பதே சொல்லுக்குப் பெரிய பலம். காலமேற்றல் என்பதற்கு அப்படி ஓர் இணை அமையவில்லை. தவிர, காலத்தை யாரும் எடுத்துப் பூச முடியாது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இதைவிடச் சுருக்கமான வடிவம் வேண்டுமென்றால் இலக்கணம் ஒரு வழி தருகிறது. இறங்கு–இறக்கு, அடங்கு–அடக்கு, மயங்கு–மயக்கு என்று வருவதுபோல் புழங்கு–புழக்கு என்று பிறவினை ஆக்கலாம்: ‘வண்டியைப் புழக்கு’, ‘புழக்கிய வண்டி’. சிறியதாக இருக்கிறது. கையேட்டுக்கு எது ஏற்றது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பணப்புழக்கம் பற்றிப் பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. ஒரு சொல் இரண்டு துறைகளில் இருப்பது தமிழுக்குப் புதிதல்ல. பொருளியலில் ‘வீக்கம்’, மருத்துவத்திலும் ‘வீக்கம்’. இடம் பார்த்துப் பொருள் கொள்ளப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைவிட, கடன்பெற்ற சொல்லை அரைகுறையாக உச்சரிக்கும்போதுதான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

மெல்லிய வண்ணக் கரைசலைத் தொட்டு ஓடவிடும் ‘வாஷ்’ என்பதைக் ‘கழுவல்’ என்று கையேட்டு வரைவில் பார்த்தேன். அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ‘அடுத்து வண்டியைக் கழுவவும்’ என்று படித்த பிள்ளை குழாயடிக்குத்தான் போகும்.

செந்தூலிலிருந்து

டீச்சர், அண்ணன், இருவருக்கும் நன்றி.

டீச்சர் சொன்ன ‘மெருகேற்று’ எனக்குத் தோன்றவே இல்லை. அது வந்தபின் தலைப்புச் சொல்லில் எனக்கு ஐயம் நீங்கிவிட்டது. ‘புழக்கு’ அழகான வடிவம். ஆனால் அதற்கு உண்மையிலேயே புழங்கச் செய் என்ற பொருள் வரும். பிள்ளை வண்டியைத் தரையில் உருட்டி விளையாடினால் அதுவும் புழக்குதல்தான். நாம் செய்வது புழக்கத்தின் அடையாளத்தை மேலே ஏற்றும் வேலை. ‘ஏற்று’ இருந்தால்தான் கையின் வேலை தெரிகிறது.

அண்ணன் சொன்ன சுத்தமான ஹார்னெட் என் கருத்துக்கே துணை வருகிறது என்று நினைக்கிறேன். கழுவுவதும் திட்டுத்திட்டாகப் பூசுவதும் புழக்கத்தின் பகுதிதானே? மங்கிய சாம்பல் நிறத்தின்மேல் புதுச் சாம்பல் திட்டுகள் தெரிவதைத்தான் ஹார்னெட்டில் நாம் காட்ட வேண்டும். சேறு வராது, திட்டு வரும். யார் புழங்கினார், எப்படிப் பராமரித்தார் என்று கேட்டால் விடை தானே வருகிறது. 1941-இல் மலாயாவில் பறந்த ஜப்பானியப் போர்விமானமான ஹயபுசாவைப் பாருங்கள். ஜப்பானியத் தரைப்படை விமானங்கள் பலவற்றுக்கு அடிப்பூச்சு இல்லாமல் வெறும் உலோகத்தின்மேல் களத்தில் பச்சை அடித்தார்கள். வண்ணம் பிடிக்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. அதே வானத்தில், அதே மாதத்தில் பறந்த பிரிட்டிஷ் விமானத்தில் அந்த அளவுக்கு உதிர்வு கிடையாது. வெயிலும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதான். காலமும் ஒன்றுதான். பூசிய விதமும் புழங்கிய விதமும் வேறு. காலமேற்றல் என்று வைத்தால் இந்த வேறுபாடு சொல்லுக்குள் அகப்படாது.

போர்ட் டிக்சன் வண்டிகளில் மட்டும் அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அவற்றுக்குப் புழக்கம் என்று சொல்ல முடியாது. அவற்றுக்கு ‘வானிலைச் சிதைவு’ சரியான சொல். புவியியலில் என்ன பொருளோ அதே பொருள், மனிதர் கைபடாமல் வெயிலும் மழையும் செய்வது. ஆகவே கையேட்டில் இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். ஓடும் வண்டிக்குப் புழக்கமேற்றல். நிற்கும் வண்டிக்கும், காட்டில் கைவிட்ட வண்டிக்கும் சிதைவேற்றல். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டதால்தான் ஓடுகிற டாங்கிக்குப் பிள்ளைகள் துருவை அள்ளிப் பூசுகிறார்கள். இங்கே பிரித்துச் சொல்ல நமக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

இனி உட்பிரிவுச் சொற்கள். பூச்சு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கொண்டு பெயர் வைத்துப் பார்த்தேன்.

கழுவலை எடுத்துவிட்டேன். எண்ணெய் வண்ணத்தை மெலிப்பானில் (தின்னர்) தண்ணீர்போல் கரைத்துத் தொட்டால் அது தானாக ஓடித் தகட்டு இணைப்பிலும் திருகாணியைச் சுற்றியும் தங்குகிறது. தங்கும் இடம் இடுக்கு. ஆகவே ‘இடுக்குச்சாயம்’. அதற்கு எதிர்வேலை, தூரிகையில் வண்ணம் தொட்டுத் துணியில் துடைத்து, மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை மேடான விளிம்புகளில் மட்டும் உரசுவது. ‘வறட்டுத் தூரிகை’ என்று சிலர் எழுதுகிறீர்கள், அதில் தவறில்லை. ஆனால் இடுக்குச்சாயம் என்று ஒன்று இருந்தால் இது ‘விளிம்புச்சாயம்’ என்று இருப்பது நல்லது. இடுக்கு இருளும், விளிம்பு ஒளிரும். இரண்டு பெயரைச் சொன்னாலே வேலை புரிந்துவிடும்.

வண்ணம் உதிர்ந்து அடிநிறம் தெரிவதற்கு ‘பொருக்குதிர்வு’. சுவரில் சுண்ணாம்பு பொருக்காக உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹேர்ஸ்பிரே முறை இந்தத் தலைப்பின்கீழ் வரும்: அடியில் துரு நிறமோ உலோக நிறமோ பூசி, காய்ந்தபின் ஹேர்ஸ்பிரே அடித்து, அதன்மேல் அக்ரிலிக் பச்சையை அடித்து, பிறகு ஈரத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தால் நீர் உள்ளே இறங்கி ஹேர்ஸ்பிரே படலம் இளகும், மேல் வண்ணம் பொருக்காகப் பெயர்ந்துவரும்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1/35 வண்டியில் ஒரு மில்லிமீட்டர் கீறல், உண்மை வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர். 1/72 விமானத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்த போர்விமானத்தைப் படைத்தளத்தில் பறக்க விடுவார்களா? 1/72-இல் பொருக்குதிர்வை ஊசிமுனை அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

மேலிருந்து கீழாக இறங்கும் கறைக்கு ‘ஒழுகுதடம்’. டாங்கியில் மழைநீர் புழுதியை இழுத்துக்கொண்டு செங்குத்தாக இறங்கும். விமானத்தில் எண்ணெய் ஒழுகினால் காற்று அதைப் பின்பக்கமாக இழுக்கும். நூரி ஹெலிகாப்டர் கட்டுகிறவர்கள் இரண்டும் கலந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள்: பறக்கும்போது பின்னோக்கி, தரையில் நிற்கும்போது கீழ்நோக்கி. தடத்தின் திசை தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கண் ஏற்காது.

வெளுப்பு, புகைக்கறை, பாசி, இவற்றுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. வெளிநாட்டுக் கையேடுகள் புழுதிக்கு வெளிர்மஞ்சளையும் வெளிர்சாம்பலையும் சொல்கின்றன. வட ஆப்பிரிக்காவுக்கும் கோடைகால ஐரோப்பாவுக்கும் அது சரி. நம் ஊரில் செம்மண் காய்ந்து புழுதியாவதற்குள் மறுபடியும் மழை வந்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஓடிய லோரியின் சக்கரக்காப்பைப் பாருங்கள். மேலே காய்ந்த பழைய மண் ஆரஞ்சு நிறத்தில், கீழே நேற்றுப் பட்டது கருஞ்சிவப்பில் ஈரமாக, இரண்டும் அடுக்கடுக்காக இருக்கும். கெமாஸ் முகாமில் இருக்கும் நம் பெண்டேகார் டாங்கியைக் கட்டுகிறவர் வெளிநாட்டுப் புட்டியின் மேல் எழுதியிருக்கும் நிறத்தை நம்பக் கூடாது. போலந்திலிருந்து வந்த டாங்கிதான், ஆனால் ஓடுவது நம் மண்ணில். ஆகவே கையேட்டில் ‘ஈரமண்’, ‘காய்மண்’ என்று இரண்டாகப் பிரித்து, முதலில் காய்மண், அதன்மேல் குறைவாக ஈரமண் என்று எழுதுகிறேன். ஈரமண்ணுக்கு மட்டும் கடைசியில் சிறிது பளபளப்பு வார்னிஷ் தொட வேண்டும்.

வார்னிஷ் என்றதும் ஒன்று. மாலை மழை பெய்யும் நேரத்தில் லாக்கர் வகை மங்கல் வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும். மெலிப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது; வெண்படலம் படர்ந்து, செய்த புழக்கமெல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விடும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கட்டுகிறவர்களுக்கு இது பாடத்தின் பகுதி. காலையில் அடிப்பது உத்தமம்.

அண்ணனின் பிளென்ஹைமுக்கு என் யோசனை: இறக்கையின் மேற்புறத்தில் வெளுப்பு நன்றாக இருக்கட்டும், மலாயா வெயிலில் நின்ற விமானம் அது. எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கறை இருக்கட்டும். விமானி ஏறும் இடத்தில் காலடித் தேய்மானம் கொஞ்சம். பொருக்குதிர்வு வேண்டாம், பாசி வேண்டாம், சேறு சக்கரத்தைத் தாண்ட வேண்டாம். டிசம்பர் 9 அன்று அதைப் பறக்கத் தயாராக வைத்திருந்தார்கள். இயந்திரப் பணியாளர்கள் அன்று காலைகூட அதைத் துடைத்திருப்பார்கள். குண்டடிபட்ட பிறகு எப்படி இருந்தது என்பதைக் காட்டுவது வேறு மாதிரி. நீங்கள் எந்த நேரத்தைக் காட்டப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால் மற்றது கைக்கு வந்துவிடும்.

பட்டர்வொர்த்திலிருந்து

தம்பி, புறப்படும் நேரத்தைக் காட்டப்போகிறேன். மேலெழுந்த கணம், சக்கரம் இன்னும் உள்ளே போகவில்லை.

சிதைவேற்றல் தனியாக வந்ததால் என் தடை போய்விட்டது. காலமேற்றலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புழக்கமேற்றல் என்றே தலைப்பை அச்சிடு. இடுக்குச்சாயம், விளிம்புச்சாயம், பொருக்குதிர்வு, ஒழுகுதடம் நான்கும் எனக்குச் சம்மதம். ‘காய்மண்’ணில் மட்டும் ஒரு சின்ன ஐயம்: காய் என்றால் பிள்ளைகள் காய்கறியை நினைக்கலாம். ‘உலர்மண்’ என்று வைத்தால் என்ன? டீச்சரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் குறியீட்டுப் படங்களுக்கு வரைவில் ‘ஸ்டிக்கர்’ என்று இருக்கிறது. அது ஸ்டிக்கர் இல்லை, பசை வேறு, ஒட்டும் முறை வேறு. ‘நழுவுபடம்’ என்று ஒன்று என் மனதில் இருக்கிறது. அதற்குத் தனி மடல் தொடங்குகிறேன்.